‘ஸதியபுதோ’வின் ஓகாரம்: ஒரு பிராகிருதப் பெயர்ச்சொல்லின் பிறப்பும் இலக்கணமும்

திருக்கோவிலூர் வட்டாரத்தில் உள்ள ஜம்பை என்னும் சிற்றூரை அடுத்த குன்றில், இயற்கையாக அமைந்த ஒரு குகைத்தளத்தின் பாறையில், ஒரே வரியில் வெட்டப்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு 1981-ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. ‘ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பளி’ என்பது அந்த வரி. அதியன் நெடுமான் அஞ்சி துறவியருக்குக் கொடுத்த உறைவிடம் என்பது அதன் பொருள். மொத்தம் ஆறு சொற்கள். அவற்றுள் ஐந்து நமக்குப் பழகிய தமிழ். முதற்சொல் மட்டும் வேறு மொழியின் உடையோடு நிற்கிறது.

அசோகரின் இரண்டாம் பெரும்பாறைக் கல்வெட்டு, சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் ஆகியோருடன் ‘ஸதியபுதோ’ என்ற ஒருவரையும் அசோகரது ஆட்சிக்கு வெளியே தெற்கில் இருந்தவராகக் குறிப்பிடுகிறது. அவர் யார் என்று அறிஞர்கள் நெடுங்காலம் வாதிட்டனர். தகடூரை (இன்றைய தருமபுரி) ஆண்ட அதியமான்களே அவர்கள் என்பதை ஜம்பை வரி காட்டிக்கொடுத்தது. அதனால் இந்தக் கல்வெட்டைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் ‘யார்’ என்ற கேள்வியோடு நின்றுவிடுகிறது. அந்தச் சொல் எந்த இலக்கணப்படி ‘புதோ’ என்று முடிகிறது என்பதைக் கேட்பவர்கள் குறைவு. கேட்டாலும் வரும் விடைகள் வருத்தம் தருகின்றன. ‘ஓ’ என்பது விளி என்கிறார்கள். கல்தச்சரின் பிழை என்கிறார்கள். ‘புத’ என்றால் புத்தர் என்றும், ஆகவே அதியமான் பௌத்தர் என்றும் சொல்கிறார்கள். பிராகிருதமே கெட்டுப்போன சமஸ்கிருதம்தானே, அதில் என்ன இலக்கணம் என்று முடித்தும் விடுகிறார்கள். இவற்றில் ஒன்றும் சரியன்று. ‘மகன்’ என்று பொருள்படும் ஒரே ஒரு பிராகிருதப் பெயர்ச்சொல்லை எடுத்துக்கொண்டு, அது எங்கிருந்து வந்தது, எப்படி உருமாறியது, வாக்கியத்தில் எப்படி நடந்துகொண்டது என்று பார்த்தால், அந்த ஓகாரம் எவ்வளவு ஒழுங்கான ஓர் இலக்கணத்தின் உறுப்பு என்பது விளங்கும்.

பிராகிருதம் என்பது ஒரு மொழியின் பெயரா?

‘சிறுதானியம்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். கம்பும் அதுதான், கேழ்வரகும் அதுதான், தினையும் சாமையும் அதுதான். ‘சிறுதானியம் கறுப்பாக இருக்கும்’ என்று ஒருவர் சொன்னால், எந்தச் சிறுதானியம் என்று உடனே கேட்போம். ‘பிராகிருதம்’ என்பதும் அத்தகைய தொகுப்புப் பெயர். வட இந்தியாவிலும் தக்காணத்திலும் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் வழங்கிய, ஒன்றோடொன்று உறவுடைய பல மொழிகளுக்கு அது பொதுப்பெயர். மகாராஷ்டிரி, சௌரசேனி, மாகதி, சமண ஆகமங்களின் அர்த்தமாகதி, வடமேற்கின் காந்தாரி ஆகியவை அவற்றுள் சில. பௌத்த நூல்களின் பாலியும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. வழக்கத்தில் மட்டும் அதைத் தனியே சொல்வார்கள்.

ஆகவே ‘மகன் என்பதற்குப் பிராகிருதத்தில் என்ன சொல்’ என்ற கேள்விக்கு ஒரே விடை இல்லை. மகாராஷ்டிரியிலும் பாலியிலும் ‘புத்தோ’, மாகதியில் ‘புத்தே’, காந்தாரியில் ‘புத்ரோ’. இந்த மூன்றுக்கும் அடியில் இருக்கும் சொல் ஒன்றே.

தொடங்குமுன் ஓர் எச்சரிக்கை வேண்டும். தமிழ் எழுத்தில் எழுதும்போது ‘புத்த’ என்ற இந்தச் சொல்லும், புத்தர் என்ற பெயரின் ‘புத்த’வும் ஒன்றுபோலவே தோன்றும். மூல மொழிகளில் அவை வேறு. மகனைக் குறிக்கும் சொல்லின் முதல் மெய், ‘பல்’ என்னும்போது இதழ் மூடித் திறந்து பிறக்கும் வல்லொலி. புத்தர் பெயரின் முதல் மெய், ‘அம்பு’ என்னும்போது கேட்கும் அதிர்வொலி. இடையில் உள்ள இரட்டை மெய்களும் அப்படியே வேறுபடும். பிராமி எழுத்தில் இவற்றுக்குத் தனித்தனி எழுத்துகள் உண்டு. ஜம்பையில் இருப்பது மகனே, புத்தர் அல்லர்.

புத் என்னும் நரகமும் உண்மையான பிறப்பும்

‘புத் என்னும் நரகத்திலிருந்து காப்பவன் புத்திரன்’ என்ற விளக்கத்தைத் தமிழ்நாட்டில் கேட்காதவர் அரிது. உபன்யாசத்தில் சொல்வார்கள்; திருமண வாழ்த்தில் சொல்வார்கள். இந்த விளக்கம் பழையதுதான். மனுஸ்மிருதியில் இருக்கிறது, அதற்கும் முந்திய, வேதச் சொற்களை விளக்கும் யாஸ்கரின் நிருக்தம் என்ற நூலிலும் இருக்கிறது. ஆனால் யாஸ்கரே இதை ஒரே விளக்கமாகத் தரவில்லை. பல விளக்கங்களுள் ஒன்றாகவே வைக்கிறார். ஒரு சொல்லைத் துண்டாக்கி, துண்டுகளின் ஒலியைக் கொண்டு பொருள் கற்பிப்பது அன்றைய ஓதுமுறையின் ஒரு பகுதி. சமய விளக்கமாக அதற்கு மதிப்பு உண்டு. சொல்லின் வரலாறாக அதை ஏற்க முடியாது.

ஏற்க முடியாததற்குக் காரணம் மிக எளிது. இந்தச் சொல் இந்தியாவுக்கு வெளியிலும் இருக்கிறது. ஈரானின் பழைய சமய மொழியான அவெஸ்தாவில் மகன் என்பதற்கு ஏறத்தாழ ‘புத்ர’ என்றே ஒலிக்கும் சொல் வழங்கியது. பாரசீகப் பேரரசர் தாரயவுஷ், பெஹிஸ்தூன் பாறையில் தம்மை ‘விஷ்தாஸ்பனின் மகன்’ என்று சொல்லிக்கொள்ளும் இடத்தில், பழம்பாரசீக வடிவமான ‘புஸ’ நிற்கிறது. பிற்காலத்தில் ‘ஷாபூர்’ என்று அரசர்கள் பெயர் சூடினார்களே, அதிலுள்ள ‘பூர்’ இதே சொல். ‘அரசன் மகன்’ என்பதே அந்தப் பெயரின் பொருள். பண்டை இத்தாலியின் ஆஸ்கன் மொழியில் குழந்தையைக் குறித்த ‘புக்ல’ என்ற சொல்லும் இதற்கு உறவு. இந்த மக்கள் யாருக்கும் ‘புத்’ என்று ஒரு நரகம் இருந்ததில்லை. நரகத்தைப் பற்றிய விளக்கம் தோன்றுவதற்கு மிக முன்பே சொல் இருந்திருக்கிறது என்பதே இதிலிருந்து பெறப்படும் முடிவு.

மொழியியலாளர் இவற்றையெல்லாம் ஒப்பிட்டு, ‘புத்லோ’ போன்ற ஒரு பழைய வடிவத்தை மீட்டமைக்கிறார்கள். சிறியது, சிறு குழந்தை என்பது அதன் அடிப்படைப் பொருளாகக் கொள்ளப்படுகிறது. நம் மொழியிலும் சிறுமை குறித்த சொல்லே பிள்ளையைக் குறிப்பதுண்டு. ‘சிறுவன்’, ‘குட்டி’ என்பவற்றைப் பார்த்தால் போதும்.

இதுவரை கண்டது இவ்வளவே: சமஸ்கிருதத்தின் ‘புத்ர’வும், ஈரானிய வடிவங்களும், பிராகிருதங்களின் ‘புத்த’வும் ஒரே மூதாதைச் சொல்லின் வழித்தோன்றல்கள், நரகக் கதை பின்னர் வந்தது.

காற்று ‘காத்து’ ஆவது போல

‘புத்ர’ எப்படிப் ‘புத்த’ ஆனது? இதைப் புரிந்துகொள்ளத் தமிழரைவிட வசதியானவர்கள் இல்லை. எழுத்தில் ‘காற்று’ என்கிறோம். பேச்சில் ‘காத்து’ என்கிறோம். நெற்றி ‘நெத்தி’ ஆகிறது. விற்று ‘வித்து’ ஆகிறது. சேற்றில் ‘சேத்தில்’ ஆகிறது. இதை யாரும் சொல்லுக்குச் சொல் நினைத்துச் செய்வதில்லை. ‘ற்ற’ வரும் இடமெல்லாம் ‘த்த’ ஆகிவிடுகிறது. ஒரு சொல்லில் நிகழ்ந்தால் அதைத் தவறு எனலாம். ஒரே சூழலில் உள்ள எல்லாச் சொற்களிலும் நிகழ்ந்தால் அது விதி.

பிராகிருதங்களில் இதையொத்த விதி ஒன்று பரவலாக நிகழ்ந்தது. இரண்டு வேறுபட்ட மெய்கள் அடுத்தடுத்து வந்தால், ஒன்று மற்றொன்றைத் தன்னைப்போல் ஆக்கிவிடும். இதற்கு ஓரினமாதல் என்று பெயர். ‘புத்ர’வில் தகரமும் ரகரமும் சேர்ந்து நிற்கின்றன, தகரம் வலியது, ரகரம் அதற்கு அடங்கித் தானும் தகரமானது. அப்படியே மித்ர ‘மித்த’ ஆனது. சப்த ‘சத்த’ ஆனது.

இதோடு இன்னொரு விதியும் சேர்ந்து இயங்கியது. இரட்டை மெய்க்கு முன் நெடில் நிற்காது, குறிலாகிவிடும். அதனால் ராத்ரி ‘ரத்தி’ ஆனது. சூத்ர ‘சுத்த’ ஆனது. பாலியில் சூத்திரங்களைச் ‘சுத்த’ என்பது இதனால்தான். நம் சொல்லில் உகரம் ஏற்கெனவே குறில்; ஆகவே இந்த விதிக்கு அங்கே வேலை இல்லை.

விதி அத்தோடு முடிந்துவிடவில்லை. பின்னாளில் இந்தி முதலிய மொழிகள் உருவானபோது, இரட்டை மெய் ஒற்றையாகி, அதன் இழப்பை ஈடுசெய்வதுபோல் முன்னுள்ள உயிர் நீண்டது. சத்த ‘சாத்’ ஆனது. ஏழு என்பதற்கு இந்தியில் இன்றும் அதுவே சொல். ரத்தி ‘ராத்’, சுத்த ‘சூத்’, புத்த ‘பூத்’. ‘ராஜ்பூத்’ என்ற பெயரின் பின்பாதி நம் சொல்லே. பஞ்சாபியில் இந்த நீட்சி நிகழவில்லை. அங்கே ஏழு ‘சத்த்’, மகன் ‘புத்த்’. அதாவது பஞ்சாபிக் குடும்பத்தில் ஒரு தாய் இன்று தன் மகனை அழைக்கும் சொல்லில் பழைய இரட்டைத் தகரம் அப்படியே கேட்கிறது. இலங்கையில் வளர்ந்தவர்களுக்குச் சான்று இன்னும் அருகில் இருக்கிறது. சிங்களத்தில் மகன் ‘புதா’. பெரியவர்கள் இளையவர்களை ‘புதே’ என்று வாஞ்சையோடு விளிப்பதைக் கொழும்பு பேருந்து ஒன்றில் அரை மணி நேரம் பயணம் செய்தாலே கேட்கலாம். சிங்களமும் ஒரு பிராகிருதத்தின் வழி வந்த மொழியே.

ஆனால் எல்லாப் பிராகிருதங்களும் ரகரத்தை விழுங்கிவிடவில்லை. இன்றைய பாகிஸ்தானின் வடமேற்கில் உள்ள ஷாபாஸ்கடியில், வலமிருந்து இடமாக எழுதப்படும் கரோஷ்டி எழுத்தில், அசோகரின் அதே இரண்டாம் பாறைக் கல்வெட்டு இருக்கிறது. குஜராத்தின் கிர்நாரில் ‘ஸதியபுதோ’ என்று இருக்கும் இடத்தில், ஷாபாஸ்கடியில் ‘ஸதியபுத்ரோ’ என்று இருக்கிறது. ஒரே அரசரின் ஒரே ஆணை, ஒரே காலம். ஓரிடத்தில் ரகரம் போயிற்று, ஓரிடத்தில் நின்றது. நாக்கின் சோம்பலால் மொழி தேய்ந்தது என்று பொதுவாகப் பேசுவோர் இந்த இரண்டு பாறைகளையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். அந்தந்த வட்டாரத்துக்கு அந்தந்த விதி இருந்தது என்பதுதான் அவை சொல்லும் செய்தி.

எழுதியது ஒன்று, ஒலித்தது இரண்டு

‘புத்தோ’ என்று இரட்டைத் தகரத்தோடு ஒலித்திருந்தால், கிர்நாரிலும் ஜம்பையிலும் ‘புதோ’ என்று ஒற்றைத் தகரத்தோடு இருப்பது ஏன்? பழைய பிராமி எழுத்துமுறையின் வழக்கம் அது. பிராகிருதக் கல்வெட்டுகளில் ஒரே மெய் இரட்டித்தால், ஒரு முறையே எழுதுவார்கள், படிப்பவர் இரட்டித்துக்கொள்வார். மொழியைத் தெரிந்தவருக்கு இதில் தடை இல்லை.

ஜம்பை வரியிலேயே இதற்கு ஒரு கண்ணாடி இருக்கிறது. கடைசிச் சொல்லைப் பாருங்கள்: ‘பளி’. அது ‘பள்ளி’ என்பதை யாரும் ஐயுறுவதில்லை. தமிழ்ச் சொல்லான பள்ளியே அங்கு ஒற்றை ளகரத்தோடு எழுதப்பட்டிருக்கும்போது, முதற்சொல்லில் உள்ள ஒற்றைத் தகரத்தை மட்டும் அப்படியே ஒலிக்க வேண்டியதில்லை. வரியின் இரு முனைகளிலும் ஒரே வழக்கம் நிற்கிறது.

ஓகாரமும் ஏகாரமும்

இனி அந்த ஓகாரத்துக்கு வருவோம். தமிழில் எழுவாய் வேற்றுமைக்கு உருபு இல்லை. ‘மகன் வந்தான்’ என்னும்போது ‘மகன்’ என்ற சொல் எதையும் ஏற்காமல் தானே எழுவாயாக நிற்கிறது. ‘மகனை’, ‘மகனுக்கு’ என்னும்போதுதான் உருபு வந்து சேர்கிறது. இந்தப் பழக்கத்தோடு பிராகிருதத்தைப் பார்ப்பதால்தான் ‘ஓ’ நமக்குத் தேவையற்ற ஒட்டாகத் தெரிகிறது.

பிராகிருதத்தில் பெயர்ச்சொல் வெறுமனே நிற்காது. ‘புத்த’ என்பது சொல்லடி. அதாவது உருபு ஏற்பதற்குக் காத்திருக்கும் வடிவம். அகராதியில் அது இருக்கலாம். வாக்கியத்தில் விளியாக அன்றி அப்படி வராது. எழுவாயாக வேண்டுமானால் அதற்கும் ஓர் உருபு வேண்டும். அந்த உருபே ‘ஓ’. ‘புத்தோ’ என்றால் எழுவாயாக நிற்கும் ஒரே ஒரு மகன். வேற்றுமை, எண், பால் மூன்றையும் அந்த ஒரு நெடில் சுமக்கிறது.

அது வந்த வழியும் தெளிவானது. மிகப் பழைய வடிவில் இறுதியில் ஒரு ஸகரம் இருந்தது: ‘புத்ரஸ்’. சமஸ்கிருதத்தில் அந்த ஸகரம் சொல்லிறுதியில் மெல்லிய மூச்சொலியாகத் தேய்ந்தது. ‘புத்ரஹ’ என்று ஏறத்தாழ ஒலிக்கும். ஆனால் அடுத்த சொல் அதிர்வொலியில் தொடங்கினால், புணர்ச்சியில் ‘புத்ரோ’ என்று ஆகும். நமக்கு மரமும் வேரும் சேரும்போது ‘மரவேர்’ என்று இறுதி மாறுவது போன்ற நிகழ்ச்சி அது. பெரும்பாலான பிராகிருதங்கள், சில இடங்களில் மட்டும் வந்த இந்த ஓகார வடிவத்தை எல்லா இடங்களுக்கும் உரியதாக்கிக்கொண்டன. புணர்ச்சியில் பிறந்தது நிலையான உருபாயிற்று.

கிழக்கில் மகத நாட்டு வழக்கு வேறு திசையில் சென்றது. அங்கே உருபு ‘ஏ’. அசோகரின் பட்டப்பெயரிலேயே இதைக் காணலாம். தேவர்களுக்கு இனியவர் என்ற பொருளில், மேற்கில் கிர்நார்க் கல்வெட்டு ‘தேவானம்ப்ரியோ’ என்கிறது. கிழக்கு வழக்கில் எழுதப்பட்ட தூண் கல்வெட்டுகள் ‘தேவானம்பியே’ என்கின்றன. நம் சொல்லுக்கு இதைவிட நெருங்கிய சான்று மகாவீரரின் பெயர். பாலி நூல்கள் அவரை ‘நாதபுத்தோ’ என்கின்றன. சமணர்களின் அர்த்தமாகதி ‘நாயபுத்தே’ என்கிறது. ஞாத குலத்தின் மகன் என்பது பொருள். ஒரே மனிதர், ஒரே பெயர். ஓகாரமும் ஏகாரமும் அந்தந்த மொழியின் எழுவாய் உருபுகள்.

இந்த இணையில் இன்னொன்றையும் கவனிக்கலாம். ‘நாத’ என்பதில் இரு உயிர்களுக்கு நடுவே தனியாக இருந்த தகரம், அர்த்தமாகதியில் கரைந்து யகரமாயிற்று. ‘புத்தே’யில் உள்ள தகரம் கரையவில்லை. தனித்த மெய் தேயும், இரட்டித்த மெய் தேயாது என்பது பிராகிருதங்களின் பொது நடை. ரகரத்தைத் தன்னுள் வாங்கிக்கொண்டு இரட்டித்ததால்தான் இந்தத் தகரம் பிழைத்தது; அதனால்தான் பஞ்சாபித் தாயின் வாயில் இன்றும் அது கேட்கிறது.

சுருங்கச் சொன்னால், ‘புதோ’ என்று எழுதி ‘புத்தோ’ என்று படித்தார்கள். அதன் ஓகாரம் விளியும் அன்று, பிழையும் அன்று. அது எழுவாய் ஒருமை உருபு.

ஒரு மகனின் வேற்றுமைகள்

தமிழில் உருபுகள் தனித்தனி மணிகள் போலக் கோக்கப்படும். மகன், மகன்கள், மகனை, மகன்களை, மகனுக்கு, மகன்களுக்கு. பன்மைக்கு ஒரு மணி, வேற்றுமைக்கு ஒரு மணி. ஒருமையானாலும் பன்மையானாலும் ‘ஐ’ மாறாது. பிராகிருதத்தில் இரண்டும் உருகி ஒன்றாகிவிட்டன. ஒருமைக்கு ஓர் உருபு, பன்மைக்கு முற்றிலும் வேறோர் உருபு. மகாராஷ்டிரியில் நம் சொல் பெறும் முதன்மை வடிவங்கள் இவை. ஒவ்வொரு வரியிலும் முதலில் ஒருமை, பிறகு பன்மை.

எழுவாய்: புத்தோ, புத்தா
இரண்டாம் வேற்றுமை (மகனை): புத்தம், புத்தே
மூன்றாம் வேற்றுமை (மகனால்): புத்தேண, புத்தேஹி
ஐந்தாம் வேற்றுமை (மகனிடமிருந்து): புத்தாஓ, புத்தேஹிந்தோ
ஆறாம் வேற்றுமை (மகனுடைய): புத்தஸ்ஸ, புத்தாண
ஏழாம் வேற்றுமை (மகனிடத்தில்): புத்தே அல்லது புத்தம்மி, புத்தேசு
விளி: புத்த, புத்தா

நான்காம் வேற்றுமை விடுபட்டிருக்கிறது. அது மறதியன்று. சமஸ்கிருதத்தில் ‘மகனுக்கு’ என்பதற்கு ‘புத்ராய’ என்று தனி வடிவம் உண்டு. பிராகிருதங்களில் அந்த வடிவம் சில சிறப்பு இடங்களில் தவிர வழக்கொழிந்தது. அதன் வேலையை ஆறாம் வேற்றுமை எடுத்துக்கொண்டது. ‘புத்தஸ்ஸ’ என்றால் ‘மகனுடைய’ என்றும் பொருள், ‘மகனுக்கு’ என்றும் பொருள். ‘புத்தஸ்ஸ தேஇ’ என்றால் ‘மகனுக்குக் கொடுக்கிறான்’. இதைக் கண்டு வியக்க வேண்டியதில்லை. உடைமையும் கொடையும் எவ்வளவு அருகருகே இருப்பவை என்பதைத் தமிழ் இலக்கணமும் அறியும். ‘சாத்தனுடைய மகன்’ என்கிறோம்; ‘சாத்தனுக்கு மகன்’ என்றும் சொல்கிறோம். நன்னூல் நான்காம் வேற்றுமையின் பொருள்களை அடுக்கும்போது, கொடையோடு ‘முறை’ என்னும் உறவுப் பொருளையும் சேர்த்தே சொல்கிறது. தமிழில் ‘கு’ உருபு உறவுப் பொருளுக்கும் நீண்டது. பிராகிருதத்தில் உறவு உருபு கொடைப் பொருளுக்கும் நீண்டது.

இருமையும் இல்லை. சமஸ்கிருதம் இரண்டு மகன்களுக்கென்றே ‘புத்ரௌ’ என்று தனி வடிவம் வைத்திருந்தது. பிராகிருதம் தமிழைப் போல எண்ணுப்பெயரைச் சேர்த்து, ‘தோ புத்தா’ என்று சொல்லிவிட்டது.

‘புத்தே’ என்ற வடிவத்தில் சற்றே நிற்க வேண்டும். மகாராஷ்டிரியில் அது ‘மகன்களை’. அதே மொழியில் ‘மகனிடத்தில்’. மாகதியில் ‘மகன்’ என்ற எழுவாய். வடிவத்தை மட்டும் பார்த்துப் பொருள் சொல்லக்கூடாது. எந்தப் பிராகிருதம், வாக்கியத்தில் எந்த இடம் என்ற இரண்டையும் பார்த்த பிறகே சொல்ல வேண்டும். பிராகிருதத் தொடர்களை அகராதி கொண்டு சொல்லுக்குச் சொல் பெயர்ப்பவர்கள் தடுமாறுவது இத்தகைய இடங்களில்தான்.

கெட்டுப்போன சமஸ்கிருதமா?

மேலே உள்ள பட்டியலில் ‘புத்தேஹி’ என்ற மூன்றாம் வேற்றுமைப் பன்மையே எனக்கு மிகவும் பிடித்த வடிவம். ‘மகன்களால்’ என்பதற்குப் பிற்காலச் சமஸ்கிருதம் சொல்வது ‘புத்ரைஹி’ என்று ஏறத்தாழ ஒலிக்கும் வடிவம். அதன் உருபு ‘ஐஸ்’ என்பதிலிருந்து வந்தது. அதைத் தேய்த்தாலும் நசுக்கினாலும் ‘ஏஹி’ கிடைக்காது.

ஆனால் வேத மொழியில் இந்த வேற்றுமைக்கு இரண்டு உருபுகள் இருந்தன. ஒன்று ‘ஐஸ்’, மற்றொன்று ‘ஏபிஸ்’. தேவர்களால் என்பதற்கு வேதத்தில் ‘தேவைஸ்’ என்றும் வரும், ‘தேவேபிஸ்’ என்றும் வரும். அந்தப் பகரம் மூச்சோடு ஒலிக்கும் மெய். பிராகிருதங்களில் உயிர்களுக்கு நடுவே நிற்கும் அத்தகைய மெய்கள் மூச்சை மட்டும் வைத்துக்கொண்டு ஹகரமாவது வழக்கம். ‘ஏபிஸ்’ அந்த விதிப்படி ‘ஏஹி’ ஆகும். அதாவது, பிற்காலச் சமஸ்கிருதம் கைவிட்ட உருபைப் பிராகிருதம் காப்பாற்றி வைத்திருக்கிறது.

ஒரு வீட்டில் தம்பியிடம் இல்லாத பாட்டியின் நகை அக்காளிடம் இருந்தால், அக்காள் அதைத் தம்பியிடமிருந்து பெற்றாள் என்று சொல்ல மாட்டோம். பிராகிருதங்கள் பாணினி வரையறுத்த சமஸ்கிருதத்திலிருந்து கெட்டு வந்தவை என்ற கருத்து இங்கேதான் உடைகிறது. வேதகாலத்தில் வழங்கிய பல பேச்சு வழக்குகளின் வழி வந்தவை பிராகிருதங்கள். இலக்கணச் சமஸ்கிருதம் அவற்றுக்கு நெருங்கிய உறவு. விளக்கத்துக்காக ‘புத்ர புத்த ஆனது’ என்று நாம் எழுதினாலும், அந்தப் ‘புத்ர’ சமஸ்கிருதத்துக்கு மட்டும் உரிய சொத்தன்று என்பதை மனத்தில் கொள்ள வேண்டும்.

மகனும் மானும்

தொகைச்சொல்லின் இறுதியில் வரும்போது ‘புத்த’வின் பொருள் விரிகிறது. புத்தரின் மாணாக்கர் சாரிபுத்தர், சாரி என்னும் தாயின் மகன். தக்காணத்தை ஆண்ட சாதவாகன அரசர்கள் ‘கோதமிபுத’, ‘வாசிட்டிபுத’ என்று தாய்வழிப் பெயரைத் தம் பெயருக்கு முன் வைத்துக்கொண்டார்கள். ஆனால் ‘கேரளபுத்த’ என்பதில் கேரளன் என்ற தந்தையையோ, கேரளி என்ற தாயையோ தேட வேண்டியதில்லை. அந்தக் குடியைச் சேர்ந்தவர், அந்தக் குடியின் தலைவர் என்பதே அங்கே பொருள். உரோமானிய எழுத்தாளர் பிளினி, கி.பி. முதல் நூற்றாண்டில் முசிறிப் பகுதியின் அரசரைக் ‘கேலோபோத்ரஸ்’ என்று குறித்தது இந்தப் பட்டத்தைத்தான். பிராகிருதத்தின் ஓகாரத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மேலை மொழிகளின் எழுவாய் உருபான ஸகரத்தை வைத்திருக்கிறார்கள்.

தமிழில் ‘மகன்’ என்பதும் இப்படியே விரிந்தது. பெருமகன் ‘பெருமான்’ ஆயிற்று. கோமகன் ‘கோமான்’ ஆயிற்று. சேரமான், அதியமான் என்பவற்றில் உள்ள ‘மான்’ இதே மகன்தான் என்றும், ‘புத்த’ என்பது அதன் பிராகிருத மொழிபெயர்ப்பு என்றும் அறிஞர் பலர் கருதுவர். சேரமான் கேரளபுத்தோ, அதியமான் ஸதியபுத்தோ. முன்பாதியான ‘ஸதிய’வை வாய்மை என்ற பொருளுடைய சொல்லாகக் கொள்வாரும் உண்டு, ‘அதிய’வின் வேற்று வடிவம் என்பாரும் உண்டு. பின்பாதியைப் பொறுத்தவரை, மொழிபெயர்ப்பு என்ற விளக்கமே எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது.

அப்படியானால், ஜம்பையில் ஓகாரம் ஏன் அப்படியே நின்றது? வடசொல் ஒன்று இயல்பாகத் தமிழுக்குள் வந்தால், தன் உருபைக் கழற்றிவிட்டுத் தமிழின் ‘அன்’ ஈற்றை அணிந்துகொள்ளும். பிராகிருதத்தின் ‘சமணோ’ நமக்குச் ‘சமணன்’. ‘ஸதியபுதோ’ அப்படி மாறவில்லை. அசோகரின் கல்வெட்டில் எந்த வடிவில் இருந்ததோ, அந்த வடிவிலேயே, தமிழுக்குரியதல்லாத ஸகர எழுத்தோடும் பிராகிருத எழுவாய் உருபோடும், தமிழ் வாக்கியத்தின் தலையில் அமர்ந்திருக்கிறது. அதியன், நெடுமான், அஞ்சி என்ற எழுவாய்த் தொடருக்கு முன் எழுவாய் உருபோடு கூடிய பட்டம் வருவது இரு மொழி இலக்கணத்துக்கும் பொருந்துகிறது. கல்வெட்டை எழுதச் செய்தவர்கள் அதைப் பிரித்துப் பார்க்க வேண்டிய சொல்லாகக் கருதாமல், முழுமையான பட்டமாகவே வாங்கிப் பொறித்திருக்கிறார்கள் என்று கொள்ளலாம்.

இதற்கு நேர் எதிரான காட்சி ஒரு சிறு வெள்ளிக் காசில் இருக்கிறது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த சாதவாகன அரசர் வாசிட்டிபுத சாதகணியின் காசு அது. ஒரு பக்கம் அரசரின் தலையுருவும், அதைச் சுற்றிப் பிராகிருத வாசகமும்: ‘ரஞோ வாசிட்டிபுதஸ சிரி சாதகணிஸ’. அரசர் வாசிட்டி மகன் திருச் சாதகணியினுடைய காசு என்பது கருத்து. ‘புதஸ’ என்று எழுதியிருப்பதை இப்போது நாம் எளிதில் படித்துவிடலாம்: தகரத்தையும் ஸகரத்தையும் இரட்டித்தால் ‘புத்தஸ்ஸ’, ஆறாம் வேற்றுமை ஒருமை. காசைத் திருப்பினால், மறுபக்கத்தில் தமிழோடு நெருங்கிய மொழியில் அதே வாசகம் இருக்கிறது: ‘அரஹணஷ வாஹிட்டி மகணஷ திரு ஹாதகணிஷ’. ‘சிரி’ இருந்த இடத்தில் ‘திரு’. ‘புத’ இருந்த இடத்தில் ‘மகண’. அதன் பின்னால், பிராகிருதத்தின் ஆறாம் வேற்றுமை உருபை நினைவூட்டியபடி, ஒரு ‘ஷ’.